இறுகிய ஐந்து விசிறிகள்

அஞ்சலகத்தில் ஒவ்வொரு நாள் காலையிலும் என் முதல் வேலை முத்திரையில் தேதியை மாற்றுவது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதைச் செய்து வருகிறேன். அதனாலோ என்னவோ, எதையும் கிழமையோடு எழுதி வைத்தால்தான் அது நடந்ததாகவே எனக்குத் தோன்றும். என் குறிப்பேட்டில் அக்டோபர் மூன்றாம் ஞாயிறு முதல் டிசம்பர் எட்டு வரை உள்ள பக்கங்களின் ஓரத்தில் சிறு கோடுகள் இருக்கின்றன. ஒரு கோடு என்றால், பின்னியதை ஒருமுறை அவிழ்த்தேன் என்று பொருள். மொத்தம் பத்தொன்பது கோடுகள். இருபதாவது ஒன்று விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணவரின் அக்கா திண்டிவனத்தில் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவருடைய மகளுக்கு இரண்டுமுறை கரு தங்காமல் போனது. மூன்றாம் முறை உண்டானபோது அண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டார்: குழந்தை நல்லபடியாகப் பிறந்தால், தன் கையாலேயே குரோஷா லேஸ் பின்னி, டிசம்பர் எட்டு, அமலோற்பவ மாதா திருவிழாவுக்குப் பீடத்துணி சாத்துவதாக. ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்தது. அண்ணி ஜூலையில் நூல் வாங்கினார். பீடத்தின் முன்பக்கம் ஒன்பது அடி. அவர் எடுத்த மாதிரியில், விசிறியை விரித்தது போன்ற வடிவம் ஒன்றையடுத்து ஒன்றாக வரும். ஒரு விசிறி இரண்டு அங்குலம். ஆக ஐம்பத்து நான்கு விசிறிகள். இருபத்திரண்டு முடித்திருந்தபோது, அக்டோபரில் ஒரு நாள், பேருந்திலிருந்து இறங்குகையில் கால் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். முழங்கை வரை கட்டு. திருவிழாவுக்கு ஏழு வாரம்.

அந்த மூன்றாம் ஞாயிறன்று பார்க்கப் போயிருந்தோம். என் கணவர், "பாண்டியில ரெடிமேடா விக்குதேக்கா, மீட்டர் கணக்குல. வாங்கி தெச்சிடலாம்" என்றார்.

அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"மாதா கடையில வாங்கித் தரச் சொல்லிக் கேட்டாங்களா? நானா சொன்னேன், என் கையாலன்னு. இப்ப இந்தக் கையி மாவுக்கட்டுல கெடக்குது. எந்த மொகத்தோட கோயிலுக்குப் போறது?"

அவர் அழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்போதும் அழவில்லை. ஆனால் அழக்கூடாது என்று இருக்கிறார் என்பது தெரிந்தது. நான் சொன்னேன்: "நான் பின்றேன் அண்ணி. நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க."

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்றால், எட்டாம் வகுப்பில் கைத்தொழில் பாடத்தில் இரண்டு ஊசி வைத்துக் கம்பளி நூலில் ஒரு சதுரம் பின்னியிருக்கிறேன். அதற்கும் முன்னால், பிறந்த வீட்டில், ஏழு வயதிலிருந்து பூ கட்டியிருக்கிறேன். கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்து ஊர். கால் காணியில் கனகாம்பரம் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் போகுமுன் பத்து முழம் கட்டிவிட்டுத்தான் போவேன். நூலும் விரலும் எனக்குப் புதிதல்ல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

குரோஷாவுக்கு ஒரே ஊசி. முனையில் சின்னக் கொக்கி. நூலை வளையமாக்கி, அந்த வளையத்துக்குள் கொக்கியை விட்டு, அடுத்த வளையத்தை இழுக்க வேண்டும். அவ்வளவுதான். இழுத்துக்கொண்டே போனால் சங்கிலி. சங்கிலியின் கண்ணுக்குள் நுழைந்து எடுத்தால் ஒரு தையல். அண்ணி வீட்டு மொழியில் அதில் குட்டை, நெட்டை என்று இரண்டு உண்டு. குட்டை துணியை இறுக்கமாக்கும், நெட்டை விசிறிக்கு மடிப்பு கொடுக்கும். இதைக் கேட்டு எழுதிக்கொண்டு, அண்ணி பின்னிய லேஸையும் நூலையும் வாங்கிக்கொண்டுதான் பேருந்து ஏறினேன்.

விக்கிரவாண்டி வருவதற்குள் சங்கிலி போட்டுவிட்டேன். இரண்டாம் வரிசைக்குத் திரும்பினால் கொக்கி உள்ளே நுழையவில்லை. ஒவ்வொரு கண்ணும் மூடிய வாய் போல் இருந்தது. குத்தினேன். நூல் பிரிந்து இரண்டு இழை உள்ளேயும் ஒரு இழை வெளியேயும் வந்தது. வீட்டில் போய் அவிழ்த்தேன். முதல் கோடு.

நவம்பர் முதல் ஞாயிறுக்குள் பதினான்கு கோடுகள் ஆகிவிட்டன. கைபேசியில் காணொளி பார்த்தேன். அதில் வரும் பெண் பேசிக்கொண்டே பின்னுகிறாள், கையைப் பார்ப்பதுகூட இல்லை. அவள் காட்டியதைக் குட்டை என்று நினைத்து நான் பின்னியது, அண்ணி கணக்கில் குட்டையும் இல்லை, நெட்டையும் இல்லை. அதில் மூன்று நாள் போயிற்று. கொஞ்சம் பெரிய ஊசி வாங்கிப் பார்த்தேன். விசிறி பெரிதாக வந்தது. ஆனால் ஒரு கண் தொளதொளவென்றும் அடுத்தது கல் போலவும் இருந்தது. என் கை, ஊசி பெரிதானதைக் கண்டுபிடித்து, அதையும் இறுக்கப் பார்த்தது. மீண்டும் சின்ன ஊசிக்கே வந்தேன்.

காரணம் என்னவென்று எனக்குப் புரிவதற்கு அந்த மூன்று வாரம் ஆனது. பூ கட்டும்போது ஒவ்வொரு முடிச்சையும் விரலால் சுருக்கி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். இறுக்கினால்தான் பூ நழுவாது. தளர்வாகக் கட்டினவளின் பூவைச் சந்தையில் எடுக்க மாட்டார்கள். ஏழு வயதில் கையில் ஏறிய அந்த வெடுக்கு, ஐம்பத்தொரு வயதில் இறங்க மறுக்கிறது. மனத்தில் "விடு, விடு" என்று சொல்லிக்கொண்டே பின்னுவேன். ஐந்தாவது தையலில் யோசனை வேறெங்காவது போகும். விரல் இழுத்துவிடும்.

இன்னொரு வேறுபாடும் இருந்தது. அதுதான் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது. பூ கட்டுவதில் போட்ட முடிச்சு போட்டதுதான். பாதியில் எழுந்து கதவைத் திறந்துவிட்டு வரலாம். ஒன்று பிசகினால் அந்த ஒன்றோடு போயிற்று. இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்கள் முழுக்க ஊசியில் உயிரோடு தொங்கும், ஒன்று நழுவினால் ஏணி மாதிரி கீழே இறங்கும். பயம்தான், ஆனால் பயம் நூறு கண்ணுக்கும் பங்கு. குரோஷாவில் எப்போதும் ஒரே ஒரு கண்தான் உயிரோடு இருக்கும். அதை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று காணொளிப் பெண் பெருமையாகச் சொன்னாள். அந்த ஒன்றை விட்டுவிட்டு நூலை இழுத்தால் ஒன்பது அடியும் அவிழ்ந்து வந்துவிடும் என்பதை அவள் சொல்லவில்லை. அதோடு, நடுவில் ஒரு பிழை இருந்தால் அதை மட்டும் எடுக்க வழியில்லை. கடைசியிலிருந்து பின்னோக்கித்தான் வர வேண்டும், நல்லதையெல்லாம் அழித்துக்கொண்டு.

எங்கள் அலுவலகத்தில் என்னோடு கவுன்ட்டரில் இருப்பவர் சாப்பாட்டு நேரத்தில் ஒயர் கூடை போடுவார். என் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தார்.

"இது இன்னாக்கா, திரி மாதிரி இருக்குது?"

"விசிறி."

"காத்து வராதே." நன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இதுக்குப் போயி இவ்ளோ பேஜாராவுறியே. ஒயருல ஒரு கண்ணு தப்பாப் போட்டா அந்தக் கண்ணோட சரி. மொதல்லயே அளந்து வெட்டிக்கிறோம். எவ்ளோ வரும்னு அப்பவே தெரிஞ்சிடும். இதுல இன்னா தெரியுது, முடியற வரைக்கும்?"

அவர் சொன்னது முழுக்க உண்மை. அதனால் எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

பேருந்தில் ஒருமுறை நூலுருண்டை மடியிலிருந்து குதித்து, இருக்கைகளுக்கு அடியில் ஓடி, முன்படி வரை போனது. நான் நூலை இழுத்தால் உருண்டை இன்னும் உருண்டது. நடத்துனர் காலில் சுற்றியபோது அவர் நின்று, நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, பேருந்து முழுக்கக் கேட்கும்படி, "யாரும்மா அது, வண்டிக்குள்ள பட்டம் வுடறது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளை நூலில் பழுப்பாக நான்கு முழம் அழுக்கு. அதை வெட்டி எறிந்தேன். பதினாறாவது கோடு அந்த நாளில் இருக்கிறது.

நவம்பர் இரண்டாம் ஞாயிறன்று, அவிழ்த்தது போக உருப்படியாக ஐந்து விசிறிகளோடு திண்டிவனம் போனேன். அண்ணி தன் இருபத்திரண்டாவது விசிறியின் முடிவில் ஒரு நீல நூல் கட்டி வைத்திருந்தார். அதற்கு அப்பால் என்னுடைய ஐந்தும், பாதி வளர்ந்த ஆறாவதும். அளவு நாடாவை வைத்தார். அவருடைய ஐந்து விசிறி பத்து அங்குலம் வந்த இடத்தில், என்னுடைய ஐந்து ஏழரைதான் வந்தது. அகலமும் குறைவு. ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு நின்றது.

"அப்பளம் பொரிச்ச மாதிரி இருக்குது" என்றார்.

"அண்ணி, என் கையி அப்டிதான் வருது. நான் இன்னா பண்றது?"

"வுட்டுப் பின்னுன்னு சொல்லிக்கினே இருக்கறேன். நூலுமேல உனக்கு இன்னா கோவம்?"

"வுட்டுத்தான் பின்றேன்."

"எங்க பின்னு, பாக்கறேன்."

அவர் கண்முன்னே பின்னினேன். இன்னும் மோசமாக வந்தது. மூன்றாவது தையலில் அவர் பொறுமை போய்விட்டது. என் இடப்பக்கம் நெருங்கி உட்கார்ந்து, கட்டுப் போடாத இடது கையால் என் ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்த நூலைப் பிடுங்கித் தன் விரலில் சுற்றிக்கொண்டார்.

"நூலை நான் வுடறேன். நீ ஊசிய மட்டும் பாரு."

நான் இடது கையால் பின்னலைப் பிடித்துக்கொண்டேன், வலது கையில் ஊசி. நூல் அவர் விரலிலிருந்து வந்தது. இழுக்க எனக்கு எதுவும் இல்லை. நான் வெடுக்கென்றால் அவர் விரல் அசைந்துகொடுத்தது, அவ்வளவுதான். பத்துத் தையல் போட்டிருப்போம். பின்னலைத் தூக்கிப் பார்த்தேன். நீல நூலுக்கு அந்தப் பக்கம் இருப்பது போலவே இருந்தது.

குரோஷாவில் வேலை செய்வது ஊசி பிடித்த கை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பின்னலின் பதம் இடது கையில் இருக்கிறது. கொடுக்கும் கை அது.

அண்ணி தன் இடது விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "மாதாகிட்ட என் கையாலன்னுதான் சொன்னேன். எந்தக் கையின்னு அவங்களும் கேக்கல."

அவர் முகம் அந்த நான்கு வாரத்தில் முதல்முறையாகத் தெளிந்தது. உடனே வேலையில் இறங்கிவிட்டார். "அந்த ஆறாவத அவுத்துடு." அவிழ்த்தேன். பத்தொன்பதாவது கோடு. "பஸ்ஸுக்கு நேரமாவுது. மிச்சம் அஞ்சையும் வீட்ல அவுத்துக்கினு வா. நீல நூலுகிட்ட இருந்து ரெண்டு பேருமா ஆரம்பிக்கலாம்."

அந்த வாரத்தை நான் நாள்வாரியாக எழுதியிருக்கிறேன். திங்கள்: அலுவலகத்தில் கூட்டம், அவிழ்க்கவில்லை. செவ்வாய்: அவிழ்க்க எடுத்தேன், கண்ணிலிருந்து ஊசியை உருவினேன், மீண்டும் கோத்து வைத்தேன். புதன்: எடுக்கவில்லை. வியாழன்: எடுத்தேன். நான்கு வாரத்தில் நான் பிழைக்க வைத்தது அந்த ஐந்து மட்டும்தான். நூலின் நுனி என் கையில் இருந்தது. ஒரு இழுப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது. இழுக்கவில்லை. அது நேர்த்தியானது என்று நான் நினைக்கவில்லை. பத்தொன்பது முறை அவிழ்த்தபோது இல்லாத ஒரு வீம்பு இருபதாவதுக்கு வந்துவிட்டது.

ஞாயிறன்று அண்ணியிடம், "அவுத்துட்டு, பெரிய ஊசியில திரும்பப் பின்னிட்டேன் அண்ணி. சரியா வந்திருச்சி" என்றேன்.

"எங்க காட்டு."

"சுத்தமா துணியில சுத்தி வெச்சிருக்கறேன். பிரிச்சா அழுக்காயிடும்."

அவருக்கு என் மேல் நம்பிக்கை. இல்லை, அவருக்கு நேரம் இல்லை. இரண்டில் ஒன்று. சுருளை மடியில் வைத்துக்கொண்டு முனையிலிருந்து தொடங்கினோம்.

இரண்டு பேர் ஒரு பின்னல் பின்னுவது பார்ப்பதற்குத்தான் அழகாக இருக்கும். எனக்குத் தும்மல் வந்தால் அவர் விரல் அறுபடும். அவருக்கு மூக்கு அரித்தால் நான் நிறுத்த வேண்டும். நான் வலது கால் மடித்து உட்கார்ந்தால் அவருக்கு எட்டவில்லை. அவர் சாய்ந்தால் எனக்கு நூல் தளர்ந்தது. நான் வேகம், அவர் நிதானம். "ஜல்தி ஜல்தின்னு போவாத, பஸ்ஸா புடிக்கற" என்று ஒரு மணிக்கு நான்கு முறையாவது சொல்வார். "நீங்க நூலையே குடுக்க மாட்டேங்கிறீங்க" என்பேன். "குடுத்தா நீ முழுங்கிடற." பேத்தி தவழ்ந்து வந்து உருண்டையைப் பிடித்தால் இருவரும் ஒரே நேரத்தில் கத்துவோம். ஒரு விசிறிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று ஞாயிறுகளும் நான்கு நாள் விடுப்பும் அதற்கே போயின. கழுத்து திரும்பவில்லை. ஆனால் வந்த ஒவ்வொரு விசிறியும் இரண்டு அங்குலம்.

டிசம்பர் முதல் ஞாயிறு மதியம் ஐம்பத்து நான்காவது முடிந்தது. அண்ணியின் மாவுக்கட்டை முந்தின வாரம்தான் பிரித்திருந்தார்கள். வலது விரல்கள் இன்னும் மடங்கவில்லை. கட்டிலில் பீடத்துணியை விரித்து, லேஸைச் சுருள் பிரித்து ஓரத்தில் வைத்துக்கொண்டே போனார். இரண்டரை அங்குலம் போதவில்லை.

மீண்டும் எண்ணினார். ஐம்பத்து நான்கு. நீல நூல் இருந்த இடத்துக்கு வந்தார். அங்கிருந்து விரலால் தடவிக்கொண்டு போனார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது அவுத்துப் பின்னினதா?"

"இல்ல அண்ணி."

"அப்பவே தெரியும். தடவினா கயிறு மாதிரி இருக்குது." லேஸின் மறுமுனையை எட்டிப் பார்த்தார். "இப்ப அவுக்கணும்னா?"

"நம்ம ரெண்டு பேரும் பின்னின இருபத்தேழையும் அவுக்கணும்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. "உக்காரு" என்றார். உட்கார்ந்தோம். இன்னும் ஒரு விசிறி பின்னினோம். மிச்சம் அரை அங்குலத்தை இழுத்துப் பிடித்துத் தைத்தோம்.

ஏழாம் தேதி மதியம் கோயிலில் பீடத்துணியை விரித்தபோது, லேஸ் முழுக்க நேராக விழுந்தது. என் ஐந்து மட்டும் இடப்பக்கம், சரியாகப் பார்வை படுகிற இடத்தில், தூக்கிக்கொண்டு நின்றன. அண்ணி தண்ணீர் தொட்டு நீவினார். ஈரமாகத் தூக்கிக்கொண்டு நின்றன.

"பூ கட்டுவியே" என்றார் என்னைத் திரும்பிப் பாராமல். "அந்த எடத்துல மட்டும் ரெண்டு சரம் வுட்டா மறஞ்சிடும். அதுக்குத்தான் உன் கையி ஒத்து வரும்."

உண்மையில் எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கடைசியில் எனக்குத் தெரிந்த வேலை. உதிரியாகக் கனகாம்பரம் வாங்கிவந்து, கோயில் பக்கவாட்டு வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு சரம் கட்டினேன். அண்ணி குண்டூசியால் குத்தித் தொங்கவிட்டார். தள்ளி நின்று பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலைத் திருப்பலியில் நாங்கள் மூன்றாம் வரிசையில் இருந்தோம். மகள் மடியில் குழந்தை. வாசகம் நடக்கும்போது முதல் பூ விழுந்தது. வெள்ளைத் துணியின் கீழே, சிவப்புக் கம்பளத்தில். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பிரசங்கத்தில் நான்கு. காணிக்கைக்கு மணி அடித்தபோது ஒரே நேரத்தில் ஏழெட்டு. சரத்தில் பூவுக்குப் பூ இடைவெளி விழுந்து, நூல் மட்டும் தொங்கத் தொடங்கியது. அதன் பின்னால் என் ஐந்து விசிறிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

என் கையைப் பார்த்துக்கொண்டேன். ஏழு வாரம் "விடு, விடு" என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். குரோஷாவில் ஒருநாளும் கேட்காத கை, பூவில் கேட்டிருக்கிறது. நாற்பத்து நான்கு ஆண்டுகளில் நான் கட்டிய பூ உதிர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

பக்கத்தில் அண்ணியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று திரும்பினேன். முக்காட்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருப்பலி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு இருவரும் பீடத்தருகே போனோம். அண்ணி உதிர்ந்த பூக்களை இடது கையால் கூட்டி அள்ளினார். வெறும் நூலாகிவிட்ட சரங்களைக் கழற்றினார். பேத்தியைத் தூக்கி, அந்த லேஸைத் தொடவிட்டார். குழந்தை மற்ற ஐம்பது விசிறிகளையும் விட்டுவிட்டு, தூக்கிக்கொண்டு நின்ற இடத்தைத்தான் பிடித்தது. பிடிக்க வாகாக இருந்தது போல.

"யாராச்சும் கேட்டா மத்ததெல்லாம் நம்ம பின்னினதுன்னு சொல்வேன்" என்றார் அண்ணி. "இந்த அஞ்சுக்கு மட்டும் உன்ன கை காட்டுவேன்."

"காட்டுங்க அண்ணி."

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டை எடுத்தேன். டிசம்பர் எட்டின் ஓரத்தில் இருபதாவது கோட்டைப் போடலாமா என்று யோசித்தேன். உதிர்ந்தது பூ, அவிழ்ந்தது சரம். லேஸ் அப்படியேதான் இருக்கிறது. போடவில்லை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் அந்தத் துணியை எடுத்து விரிப்பார்கள் என்று, பீட வேலைகளைப் பார்க்கும் கோயில் பிள்ளை சொல்லியிருக்கிறார். வலது கை சரியானதும் பக்கவாட்டுக்கும் பின்ன வேண்டும் என்று அண்ணி நேற்று தொலைபேசியில் சொன்னார். நூலை விட ஆள் வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம், ரெண்டு கையும் என்னுதாவே இருக்கட்டும் என்றார்.